சொற்களை இனம் சேர்க்கச் சொல்லிக்கொடுப்பது: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மரபுச்சொல் பாடம் நடத்தாத தமிழாசிரியர் இருக்க முடியாது. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், ஆந்தை அலறும், சிங்கம் முழங்கும் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். அன்று மாலை கேட்டால் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒரு வாரம் கழித்துத் தாளைத் திருத்த உட்கார்ந்தால் மயில் பிளிறும், யானை அகவும் என்று இருக்கிறது.

காவிரிப் பாசன ஊர் ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். இந்தக் குழப்பத்தைப் பல வருடம் பிள்ளைகளின் கவனக்குறைவு என்றே நினைத்தேன், கடிந்துகொண்டும் இருக்கிறேன். பிழை நான் சொற்களை அடுக்கிக் கொடுத்த விதத்தில் இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. சொற்களை இனம் பிரித்துச் சேர்ப்பது நல்ல முறைதான். ஆனால் சேர்ப்பது யார், எந்தச் சொல்லை எப்போது சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சேர்க்க வேண்டியது பிள்ளை. முதலில் சேர்க்க வேண்டியவை அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். புதுச்சொல் அந்தக் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டாகத்தான் வந்து சேர வேண்டும்.

ஏன் இப்படி?

இனமாகச் சேர்ந்த சொல் நினைவில் நிற்கும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்த சங்கதி. செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் பெரும்பாலும் அகரவரிசையில் போகவில்லை, பொருள்வரிசையில் போயின. சூடாமணி நிகண்டின் 12 தொகுதிகளில் மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர், ஒலி பற்றிய பெயர் என்று பெரும்பாலானவை ஓரோர் இனம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் பாட்டாகப் பாடம் செய்தார்கள்.

1953-ல் பௌஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் விலங்கு, ஆட்பெயர், தொழில், காய்கறி என்ற நான்கு இனங்களிலிருந்து 60 சொற்களை எடுத்து, கலைத்துப் போட்டு வாசித்துக் காட்டினார். கேட்டவர்கள் திருப்பிச் சொன்னபோது, யாரும் சொல்லாமலே அவை இனம் இனமாக வந்து விழுந்தன. 1969-ல் கார்டன் பவர் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 112 சொற்களை ஒரு சாராருக்குக் கிளை பிரித்து மரம்போல வரைந்து கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு அதே சொற்களைக் கலைத்துக் கொடுத்தார்கள். முதல் சாரார் முதல் சுற்றிலேயே மூன்று மடங்குக்கும் மேலாக நினைவுகூர்ந்தார்கள்.

இதை மட்டும் படித்துவிட்டுப் பத்து ஒலிமரபுச் சொற்களை ஒரே நாளில் கொடுத்தால் நான் செய்த தவறையே நீங்களும் செய்வீர்கள். மேலே சொன்ன சோதனைகளில் இருந்தவை எல்லாம் கேட்டவர்களுக்கு முன்பே தெரிந்த சொற்கள். அறியாத சொற்களின் கதை வேறு. 1990-களில் டிங்க்ஹாம், வாரிங் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே இனத்துப் புதுச்சொற்களை மொத்தமாகக் கற்றால் ஒன்றை ஒன்று குழப்புகிறது, கற்க நேரம் கூடுதலாகிறது என்று காட்டினார்கள். அதே டிங்க்ஹாம், தவளை, குளம், தாவுதல், வழுவழுப்பு என்று ஒரே காட்சியைச் சேர்ந்த சொற்களாக இருந்தால் கற்பது எளிதாகிறது என்றும் கண்டார். அவை முற்றிலும் அறியாத சொற்களை வைத்துச் செய்த சோதனைகள். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு 'அகவும்' என்பதும் அப்படித்தான். வீட்டில் பெரும்பாலும் 'கத்துது' தான்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் படி: சொற்களைப் பிள்ளைகளிடமிருந்து வாங்குங்கள்

ஒரு களத்தைச் சொல்லுங்கள். சமையற்கட்டு, வயல், சந்தை, திருவிழா, மழைக்காலம் என எதுவும் ஆகலாம். 'பொருள்கள்', 'குணங்கள்' போன்ற பொதுத் தலைப்பு வேண்டாம், வாய் திறக்க மாட்டார்கள். நான் வழக்கமாக வயலில் தொடங்குவேன். வயலுக்குப் போனால் என்னவெல்லாம் பார்ப்பீர்கள், கேட்பீர்கள், செய்வீர்கள் என்று கேட்டு, வருவதையெல்லாம் கரும்பலகையில் எழுதுவேன். நாற்று, வரப்பு, மடை, வாய்க்கால், கதிர், பதர், கொக்கு, நண்டு, களை, டிராக்டர், கருக்கருவாள், சேறு, தூக்குவாளி. 'ஆட்டோ' என்று ஒருவன் சொன்னான். நடவு ஆட்கள் வருவது அதில்தானே என்றான். எழுதிக்கொண்டேன்.

எதையும் திருத்தாதீர்கள். வட்டாரச் சொல் வந்தால் அப்படியே எழுதுங்கள். மாங்காய்ப் பிஞ்சை வடு என்றும், வாழைப் பிஞ்சைக் கச்சல் என்றும், தென்னம்பிஞ்சைக் குரும்பை என்றும் சொல்லும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேவநேயப் பாவாணரின் கட்டுரையில் இதே சொற்களைப் பார்க்கப் போகிறார்கள். அன்றைக்கு அது அவர்கள் வீட்டுச் சொல்லாக இருக்கும்.

20 முதல் 24 சொல் போதும். அதற்கு மேல் போனால் பெஞ்சில் இடம் இருக்காது, பொறுமையும் இருக்காது.

இரண்டாம் படி: அட்டையும் குழுவும்

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வையுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அட்டை கெட்டியாக இருக்கும். ஒன்றை வெட்டினால் நான்கு சொல்லட்டை கிடைக்கும். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், எழுத்துப் பயிற்சியும் ஆகிவிடும். நான்கு பேருக்கு ஒரு கட்டு. வாசிக்கத் திணறும் பிள்ளை இருக்கும் குழுவில் அட்டையின் மூலையில் சின்னப் படம் ஒன்று வரையச் சொல்லுங்கள். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் படம் பார்த்துப் பழகி வந்த பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை.

பிறகு ஒரே ஒரு கட்டளை: "எதெது சேருமோ அதது சேர்த்து வையுங்க. ஏன் சேரும்னு எனக்குச் சொல்லத் தெரியணும்." இனப் பெயர்களை நீங்கள் கொடுக்கக் கூடாது. 'பறவைகள், கருவிகள், நீர்நிலைகள்' என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டால், அட்டையை அதில் போடுவது தபாலைப் பெட்டியில் போடுகிற வேலை ஆகிவிடும். யோசனை எல்லாம் அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

எந்தக் கூட்டத்திலும் சேராத சொல்லை ஒரு தபால் உறையில் போடச் சொல்லுங்கள். வலிந்து எங்காவது திணிக்க வேண்டாம். அந்த உறை பிறகு தேவைப்படும்.

பதினைந்து நிமிடம் விடுங்கள். சத்தம் வரும். அட்டையைக் காட்டி அடித்துக்கொள்ளும் அந்தச் சத்தம் வேண்டும்.

மூன்றாம் படி: பெயர் வைப்பதும் காரணம் சொல்வதும்

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைப்பு வைக்கச் சொல்லிவிட்டுக் குழுக்களைச் சுற்றி வாருங்கள். "ஏன்?" என்ற கேள்வியைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இல்லை. சரி, தப்பு என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

ஒருநாள் மரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வேம்பு, புளி, மா, பூவரசு, ஆல், தென்னை, பனை, மூங்கில். ஒரு பையன் தென்னை, பனை, மூங்கில் மூன்றையும் தனியாக எடுத்து வைத்திருந்தான். பக்கத்தில் இருந்த பெண் அதையும் மரத்தோடு சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டாள்.

"தென்னை மரம்தானேடா? தென்னமரம்னுதானே சொல்றோம்?"

"கிளையே இல்லியே. அதோட, எங்கப்பா மரம் அறுக்குற பட்டறையில இருக்காரு. புளியில உள்ள போகப் போகத்தான் கெட்டி. தென்னையில ஓரம்தான் கெட்டி, உள்ள சோறு மாதிரி இருக்கும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளியே வைரம், அதாவது கெட்டிப் பகுதி, உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது: 'புறக்காழனவே புல்லென மொழிப', 'அகக்காழனவே மரமென மொழிப'. தென்னையும் பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் இவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. அந்த இரண்டு வரியையும் கரும்பலகையில் எழுதி, 'காழ்' என்றால் வைரம் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவனே வகுப்புக்கு விளக்கினான். அன்றைக்குப் புதிதாக வந்த சொல் 'காழ்' ஒன்றே ஒன்றுதான். அந்த வகுப்பில் ஒருவரும் அதை மறக்கவில்லை.

நான்காம் படி: கலைத்துப் போட்டு மறுபடி

இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை சேர்த்ததும் படம் எடுத்து வாட்சப்பில் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அதே அட்டைகளைக் கலைத்து, இன்னொரு விதமாகச் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். வயல் சொற்கள் முதல் தடவை 'உயிருள்ளவை, கருவிகள், இடங்கள்' என்று வந்தால், இரண்டாம் தடவை 'விதைக்கும்போது, அறுக்கும்போது' என்று காலவரிசையில் வரும். மூன்றாம் தடவை 'தண்ணீரோடு சேர்ந்தவை' என்று ஒரு குழு சொல்லும். அப்போது கொக்கும் மடையும் சேறும் நாற்றும் ஒன்றாக உட்காரும்.

ஒரு சொல்லுக்கு எத்தனை உறவு கிடைக்கிறதோ அத்தனை வழியில் அது நினைவுக்கு வரும். ஐந்தாம் வகுப்பு என்றால் இந்த இடத்திலேயே இலக்கணத்தையும் தொட்டுவிடலாம். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்ற அறுவகைப் பெயரைத் தனிப் பாடமாக நடத்துவதைவிட, கையில் இருக்கும் அட்டைகளை ஆறாகப் பிரிக்கச் சொல்லும்போது சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். கதிர் சினைப்பெயரா பொருட்பெயரா என்று வாதாடுவார்கள். பயிரோடு இருக்கும்போது சினை என்று அவர்களே முடிவுக்கு வருவார்கள்.

ஐந்தாம் படி: புதுச்சொல் நுழையும் இடம்

இப்போதுதான் நீங்கள் கற்பிக்க நினைத்த சொல்லுக்கு முறை வருகிறது. ஒரு வேளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. அந்த இரண்டும் ஒன்றைப் போல ஒன்று இருக்கக் கூடாது. மதகையும் மடையையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தாதீர்கள். பறழையும் குருளையையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள், இரண்டும் விலங்குக் குட்டியின் பெயர்.

மரபுச்சொல் பாடத்தை நான் இப்போது இரண்டு மாதத்துக்குப் பரப்பி நடத்துகிறேன். யானை வரும் நாளில் யானையோடு மட்டும் இருப்போம். பாகன், அங்குசம், துதிக்கை, கன்று, பிளிறுதல் எல்லாம் ஒரே கதையில் வரும். கோயில் யானையைப் பார்த்த அனுபவத்தைப் பிள்ளைகள் சொல்வார்கள். யாராவது பிளிறிக் காட்டுவார்கள். அந்த வாரம் முழுக்க வேறு எந்த விலங்கின் ஒலியும் கிடையாது. அடுத்த வாரம் மயில், தோகை, கொண்டை, அகவுதல். கூவுவதும் குரைப்பதும் ஏற்கெனவே தெரியும் என்பதால் அவற்றுக்கு வாரம் தேவையில்லை.

எட்டு வாரம் கழித்து எல்லா விலங்கு அட்டைகளையும் மொத்தமாகக் கொட்டி, ஒலி வாரியாகவும் குட்டிப்பெயர் வாரியாகவும் சேர்க்கச் சொல்வேன். முதலில் கதைக்குள், பிறகு கூட்டத்துக்குள். இந்த வரிசையை மாற்றிய பிறகு மயிலைப் பிளிற வைக்கும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

ஆறாம் படி: கட்டம் போட்டு நுணுக்கம் பார்ப்பது

ஒரே கூட்டத்தில் உள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சமையல் வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவி, வறு, வதக்கு, பொரி, சுடு, காய்ச்சு. இவற்றைக் கீழ்நோக்கி எழுதுங்கள். மேலே குறுக்காக நான்கு கேள்வி: எண்ணெய் வேண்டுமா? தண்ணீர் வேண்டுமா? நேராக நெருப்பில் படுமா? நீர்ப்பொருளா? ஒவ்வொரு கட்டத்திலும் 'ஆம்', 'இல்லை', 'சில நேரம்' என்று நிரப்ப வேண்டும்.

அவி: தண்ணீர் ஆம், எண்ணெய் இல்லை. பொரி: எண்ணெய் ஆம், முங்குகிற அளவுக்கு. வதக்கு: எண்ணெய் ஆம், கொஞ்சமாக. வறு: சில நேரம், ஏனென்றால் கடலையை மணலிலும் வறுக்கிறோம். காய்ச்சு: பால், கஞ்சி, எண்ணெய் எல்லாம் நீர்ப்பொருள்.

'சுடு' வரிசைக்கு வந்தபோது ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், பாட்டி வடை சுட்டாங்கன்னு கதையில வருது. வடை எண்ணெய்லதானே வேகுது? அப்ப பொரிக்கிறதுதானே?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டில் எதையெல்லாம் சுடுகிறோம், எதையெல்லாம் பொரிக்கிறோம் என்று கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் பட்டியல் வந்தது. வடை, பணியாரம், அதிரசம், முறுக்கு, தோசை, இவை சுடுவது. அப்பளம், வடகம், வற்றல், இவை பொரிப்பது. அரை மணி நேரம் பேசி அவர்கள் எடுத்த முடிவு: ஈர மாவாகப் போட்டால் சுடுவது, காய்ந்ததைப் போட்டால் பொரிப்பது. மீனைப் பொரிக்கிறோமே என்று உடனே ஒருவன் மறுத்தான். மீன் மாவு இல்லையே என்று அவள் சொன்னாள். எல்லா ஊருக்கும் இந்த விதி பொருந்துமா என்பது வேறு. வினைச்சொல்லின் பொருள் எல்லையை ஒன்பது வயதுப் பிள்ளைகள் தாங்களே அளந்து பார்த்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது.

வரிசை கட்டுவதும் இதன் தம்பிதான். தூறல், சாரல், மழை, அடைமழை என்று அளவில் அடுக்கலாம். அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்று பூவின் பருவத்தில் அடுக்கலாம். வகுப்பின் குறுக்கே ஒரு கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் அட்டையை மாட்டச் சொன்னால், இரண்டு சொல்லுக்கு நடுவே புதுச்சொல்லைச் செருக இடம் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

வேர் வழியாகச் சேர்ப்பதும் உண்டு. விளை, விளைச்சல், விளைவு, விளைநிலம். நட, நடை, நடத்தை, நடைபாதை. ஒன்று தெரிந்தால் மற்றதை ஊகிக்க வைக்கலாம். எழுத்து ஒத்துப்போவதால் மட்டும் உறவு என்று நினைத்துவிடுவார்கள், அதற்குக் காவல் வேண்டும். கல்வியில் உள்ள கல் வேறு, கல்லுரலில் உள்ள கல் வேறு.

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும்

படிகள் இதேதான். ஆனால் அந்த மொழியில் பெரும்பாலான சொற்கள் புதியவை என்பதால், காட்சியாகச் சேர்ப்பதை நீட்டி, இனமாகச் சேர்ப்பதைத் தள்ளிப் போடுங்கள். வண்ணங்கள் பத்து, பழங்கள் பத்து என்று சார்ட் ஒட்டி முதல் நாளே படிக்க வைப்பதுதான் எங்கும் நடக்கிறது. அதைவிடக் காலை உணவு மேசை என்ற ஒரு காட்சியில் வரும் எட்டுச் சொல் நன்றாகப் பிடிபடும்.

இரு மொழிகளின் கட்டங்களும் ஒன்றாக இருக்காது என்பதை மறைக்க வேண்டாம். 'ரைஸ்' என்ற ஒரு சொல்லை வைத்துவிட்டு அதற்குக் கீழே நம் சொற்களை அடுக்கச் சொல்லுங்கள். நெல்லைச் சேர்ப்பதா, அரிசியா, சோறா? வயலில் நிற்பதும் மூட்டையில் இருப்பதும் தட்டில் இருப்பதும் நமக்கு மூன்று. லண்டனில் வளரும் பிள்ளை 'நெல் சாப்பிட்டேன்' என்று சொன்னால் இந்த மூன்று அட்டையையும் ஒரு கைப்பிடி நெல்லையும் வைத்துத்தான் புரிய வைக்க முடியும்.

எழுத்துக்கும் தேர்வுக்கும் கொண்டுபோவது

சேர்த்த சொற்களை அன்றே பேச்சில் இறக்கிவிட வேண்டும். ஒரு கூட்டத்திலிருந்து மூன்று அட்டை, வேறு கூட்டத்திலிருந்து ஒன்று எடுத்து, நான்கும் வருகிற மாதிரி ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொல்லுங்கள். எழுதுவது மறுநாள். பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு அதே கட்டை மறுபடி எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும்.

தேர்வுக்குப் 'பொருந்தாததை எடு' என்ற கேள்வியைக் கொஞ்சம் மாற்றியே வைக்கிறேன். ஆடு, மாடு, கோழி, நாய், புலி. புலி காட்டில் இருப்பது என்று எடுத்தால் சரி. கோழிக்கு இரண்டு கால், முட்டையிடும் என்று எடுத்தாலும் சரி. சொல்லை எடுத்ததற்கு 1 மதிப்பெண், காரணத்துக்கு 2. காரணம் எழுத வேண்டும் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்ப்பதில்லை.

மாதக் கடைசியில் அந்தத் தபால் உறையைத் திறங்கள். இந்த வருடம் ஜூனில் 'திண்ணை' அதற்குள் போனது. வீட்டுக்குள் இருப்பவற்றோடும் சேரவில்லை, தெருவில் இருப்பவற்றோடும் சேரவில்லை. ஜூலையிலும் உறைக்கே திரும்பிப் போனது. ஆகஸ்டில் வயல் அட்டைகளைக் கையில் வைத்திருந்த ஒருவன் அதை எடுத்து 'வரப்பு' பக்கத்தில் வைத்தான். ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டும் நடுவுல இருக்கு டீச்சர். திண்ணை வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவுல. வரப்பு வயலுக்கும் வயலுக்கும் நடுவுல."

மற்றவர்கள் கரை, வாசல், வேலி, மதில் என்று கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். தலைப்புக்கு அவர்களிடம் சொல் இல்லை. 'எல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.